அறிவித்தல் பலகையில் இருந்த பெயர்

செப்டெம்பர் 9, செவ்வாய்

இன்று பதினான்கு அப்பீல்கள். பதினான்கையும் நிராகரித்தேன். கவுன்சிலின் பார்க்கிங் பிரிவில் பதினொரு வருடமாக இதுதான் என் வேலை. தண்டச்சீட்டு வாங்கியவர்கள் எழுதும் சாக்குகளைப் படித்து, மரியாதையான ஆங்கிலத்தில் இல்லை என்று சொல்வது. ஒருவன் தாய் செத்த அன்று காரை இடம் மாறி நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தான். போன வருடமும் அவனுக்கு ஒரு தாய் செத்திருந்தாள். கோப்பில் இருக்கிறது.

மத்தியானம் றஜீவ் தொலைபேசி எடுத்தான். றஜீவ் அடிகளார் என்று எழுதவேண்டும், கை வரவில்லை. குருமடத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. என்னை மூன்றாம் ஆண்டோடு வெளியே தள்ளினார்கள். அவன் குருவாகி, இப்போது கிழக்கு லண்டன் தமிழருக்குப் பூசை வைக்கிறான்.

இரண்டு செய்தி. எங்கள் புனித தெக்லா குருமடத்துக்கு நூறு வருடமாம், நினைவு மலர் போடுகிறார்களாம். "மணி அடிக்காத நாளைப் பற்றி நீதான் எழுதவேணும் மச்சான்" என்றான். இரண்டாவது, எங்கள் பழைய அதிபர் பஸ்தியாம்பிள்ளை அடிகளார் லண்டனில் இருக்கிறார். அப்டன் பார்க்கில், தங்கையின் மகள் றூபினி வீட்டில். இருதயம். இனி அதிக நாள் இல்லையாம்.

"உன்னைக் கேட்டவர். ஒருக்கா வந்து பார்."

எனக்கு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

என் வீடு ஃபாரஸ்ட் கேட்டில். இருபத்தேழு வருடமாக மனதுக்குள் வைத்து நான் வழக்குப் பேசிய மனிதர் அரைமணி நடையில் படுத்திருக்கிறார்.

செப்டெம்பர் 10, புதன்

போகவில்லை. ஆனால் மீன் வாங்கவென்று கிறீன் ஸ்ட்ரீட் வரை நடந்தேன். மீன் எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து காரை எடுக்கப் போனபோது கத்தரின் மறித்தாள். குருமடத்தில் என்னோடு இருந்த சுஜீத்தின் தங்கை. அவனை ஆமி கொண்டுபோனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. இப்போது குரோய்டனில் ஒரு மருந்தகத்தில் வேலை. இதற்காகவே ரயில் எடுத்து வந்திருக்கிறாள்.

தாய் சித்திரையில் மன்னாரில் இறந்துவிட்டாராம். கடைசி வரை ஒரே கேள்வி: பிள்ளையின் பெயரை ஆமிக்குக் கொடுத்தது யார்? அவர்களிடம் சுஜீத்தின் ஒரு படம் மட்டும்தான் இருக்கிறது. கடிதம், கொப்பி, ஒன்றும் இல்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது.

அதிபர்தான் கொடுத்தார் என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அப்ப எழுதித் தாங்கோ ஜெராட் அண்ணை. கையெழுத்தோட. மாதம் முடிய முதல் வேணும்."

எதற்கு என்று கேட்டேன்.

"அவர் கண் மூட முதல் கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு வாசிக்கப் போறன். பிறகு மலரிலையும் வரட்டும்."

ஓம் என்றேன். வீட்டுக்கு வரும்வரை கை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. சந்தோஷமா அது? என்னவோ ஒன்று.

செப்டெம்பர் 16, செவ்வாய்

அறிக்கைக்கு முன் இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

அந்த நாட்களில் எங்கள் ஊருக்கு அரசாங்கம், நீதிமன்றம், தபால் கந்தோர் எல்லாம் ஒரே ஆள். முகாமில் இருந்த பிரிகேடியர். எங்கே போவதென்றாலும் அவருடைய பாஸ். பீடத்துக்கு மெழுகுதிரி கொண்டுவரவும் பாஸ். 1998 பெப்ரவரி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, முகாமின் ஆண்டு விழா. குருமாணவர் முப்பத்துநான்கு பேரும் வெள்ளை அங்கியோடு வந்து பாடவேண்டும், கொழும்பிலிருந்து கமராக்காரர் வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. அதற்கு முந்திய மாதம் அதே முகாமுக்குள் கொண்டுபோன மூன்று மீனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய மனைவிமார் எங்கள் வாசலில் குந்தியிருந்தார்கள். அந்த வாசலுக்குத்தான் எங்களை ஏற்ற ஆமி ட்ரக் வரப்போகிறது.

பாடகர் குழுவுக்குத் தலைவன் றஜீவ். "ஒரு பாட்டைப் பாடிட்டு வந்திடுவமடா. எதிர்க்க நாங்கள் ஆர்" என்றான். மறக்கவில்லை.

மடத்தில் ஒரு சட்டம் எல்லாச் சட்டத்துக்கும் மேலே. மணி கேட்காமல் இருந்த இடத்தை விட்டு எழும்பக்கூடாது. எழும்ப, சாப்பிட, படிக்க, விளையாட, எல்லாவற்றுக்கும் மணி. "மணி கடவுளின் குரல், என்னுடைய குரல் அல்ல" என்று அதிபர் முதல் நாளே சொல்லிவிடுவார். அந்த மாதம் மணி அடிக்கும் பொறுப்பு என்னுடையது.

யோசனை எனக்கு வந்தது. சுஜீத்திடம் மட்டும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரன். காலை மணிக்கு ஒருநாளும் தானாக எழும்பாதவன். நான்தான் அவன் போர்வையை இழுத்துவிட்டு மணி அடிக்கப் போவேன்.

மத்தியானச் செபத்துக்குச் சிற்றாலயத்துக்குள் போனோம். செபம் முடிந்தது. நான் மணி அடிக்கவில்லை. முழங்காலில் இருந்தேன். ஒருவரும் எழும்பவில்லை. முதல் ஐந்து நிமிடம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு விளங்கிக்கொண்டார்கள். வாசலில் ட்ரக் மூன்று தரம் ஹோர்ன் அடித்தது. நாங்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தோம்.

அதிபர் கதவடியில் வந்து நின்றார். மணிக்கயிறு அவரிடமிருந்து நாலு எட்டுத் தூரம். தொடவில்லை. வாயால் ஒரு கட்டளை சொல்லியிருக்கலாம், அதுவும் இல்லை. இந்த மனிதருக்கு ஒன்றுக்கும் துணிவில்லை என்று அப்போது நினைத்தேன்.

இரண்டரை மணி நேரம். ஒருகட்டத்தில் சுஜீத் என் காதுக்குள் சொன்னான்: "பசிக்குது மச்சான். வயித்துக்குள்ள கேக்கிறதையும் கடவுளின்ர குரலெண்டு எடுக்கலாமோ?"

ட்ரக் வெறுமையாகத் திரும்பிப் போனது.

செப்டெம்பர் 17, புதன்

சனிக்கிழமை மத்தியானம் அதிபர் கூப்பிட்டார். பெட்டியைக் கட்டும், மூன்று மணி பஸ்ஸில் போம். அவ்வளவுதான். காரணம் இல்லை, விசாரணை இல்லை. குருவாவதைத் தவிர எனக்கு வேறு ஒரு ஆசையும் இருந்ததில்லை. அது அவருக்குத் தெரியும்.

வெளியே தள்ளும்போதுகூட மடத்து ஒழுங்கு தவறவில்லை. பொறுப்பை விட்டுப்போகிறவன் அறிவித்தல் பலகையில் இருக்கும் பட்டியலில் தன் பெயரை வெட்டி, அடுத்தவன் பெயரை எழுதி, பாரம் கொடுக்கவேண்டும். அடுத்தவன் கையொப்பம் வைக்கவேண்டும். அதையும் செய்வித்துத்தான் அனுப்பினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

திங்கட்கிழமை ஆமி வந்து சுஜீத்தைக் கொண்டுபோனது. நான் வவுனியாவில் இருந்தபோது கேள்விப்பட்டேன். அவன் வரவேயில்லை. அவனையும் என்னையும் தவிர யோசனை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதிபருக்கு எல்லாம் தெரியும், எப்போதும் தெரியும். என்னை விரட்டி, அவனைக் கொடுத்து, மடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். றஜீவ்தான் அவர் காதில் போட்டிருப்பான்.

செப்டெம்பர் 20, சனி

அறிக்கை நாலு பக்கம். மனைவி பியற்றிஸிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் நின்றபடியே முழுக்க வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, மூண்டரைப் பக்கம் உங்களைப் பற்றி இருக்கு. அந்தப் பெடியனைப் பற்றி அரைப் பக்கம்."

தாள்களை வாங்கக் கையை நீட்டினேன். தரவில்லை.

"ஃபாதர் பேர் குடுத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

நான் அப்போது வவுனியாவில் என்றேன்.

"அப்ப எப்பிடித் தெரியும்?"

எப்பிடித் தெரியுமாம். இருபத்தேழு வருஷமா எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இவளுக்கு என்ன தெரியும்? மகள் பிறின்சி மாடிப்படியில் நின்று, அப்பா பார்க்கிங் அப்பீலுக்கும் இப்பிடித்தான், வாசிக்க முதலே முடிவு எடுத்திடுவார் என்று தாய்க்குச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நான் வெளியே போய் இரண்டு தரம் பூங்காவைச் சுற்றினேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை.

செப்டெம்பர் 23, செவ்வாய்

வேலையிலிருந்து நேரே அப்டன் பார்க். அறிக்கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு. அவர் வாயால் ஓம் என்று சொல்லிவிட்டால் பியற்றிஸுக்குப் பதில் கிடைத்துவிடும். அதற்காகப் போனேன்.

முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். றூபினி கதவைத் திறந்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள். நான் நினைவில் வைத்திருந்த மனிதரில் பாதிதான் கட்டிலில் கிடந்தது. கண் மட்டும் அதே கண்.

"ஜெராட். இரும்."

குருவின் கையை முத்தமிட்டுக் கை முத்தி செய்யவில்லை. எப்படியிருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு அறிக்கை எழுதியிருக்கிறேன், உங்களைப் பற்றி என்றேன்.

"வாசியும்."

நாலு பக்கத்தையும் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு இடத்தில் கையைத் தூக்கினார்.

"வெள்ளி இல்லை. பன்ரெண்டாம் திகதி வியாழக்கிழமை."

கட்டுரைக் கொப்பி திருத்துகிற மாதிரி! எனக்குத் தலைக்குள் ஏறியது. நீங்கள்தானே பேர் குடுத்தனீங்கள் என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருப்பேன், றூபினி எட்டிப் பார்த்தாள்.

"இல்லை."

"அப்ப றஜீவோ?"

"அவனும் இல்லை."

தலையணைக்குப் பக்கத்தில் இருந்த செபப்புத்தகத்தைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். பின்னட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பெப்ரவரி மாதப் பொறுப்புகள். அறிவித்தல் பலகையில் குத்தியிருந்த தாள். மூலையில் ஊசி குத்திய துளைகள்கூட இருந்தன.

பூந்தோட்டம், நூலகம், சாப்பாட்டறை. கடைசி வரி: மணி. அந்த வரியில் ஒரு பெயர் வெட்டப்பட்டிருந்தது. ஒரு கோட்டால் அல்ல. போட்டுக் கீறி, மேலும் கீறி, தாள் கிழியும்வரை. அதற்குக் கீழே சுஜீத் என்று என் கையெழுத்தில். அதற்குப் பக்கத்தில் வேறொரு கையெழுத்து: ஏற்றுக்கொண்டேன், சுஜீத்.

"திங்கட்கிழமை ஒரு கப்டன் வந்தவன்" என்றார். "மணிக் கதை அதுக்குள்ள ஊரெல்லாம் பரவிட்டுது. மணி அடிக்கிறவன் ஆரெண்டு கேட்டவன். தெரியாதெண்டு சொன்னன். தெரிஞ்சுகொண்டு சொன்ன பொய். அவன் சிரிச்சுப்போட்டுத் திரும்பிப் பலகையைப் பாத்தவன். தமிழ் வாசிப்பான்."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதியிருந்தால் கப்டன் என் பெயரை வாசித்திருப்பான். பன்னிரண்டாம் திகதி மணி அடிக்காதவன் பதினாலாம் திகதி போய்விட்டான் என்று கண்டிருப்பான். நான் அங்கே இல்லை. பிடிக்க ஆள் இல்லை. நான் என் பெயரை அழித்தது கோபத்தில். இந்த மடத்தில் நான் இருந்ததற்கு ஒரு தடயமும் இருக்கக்கூடாது என்று.

"அந்தத் தாளை நான் அண்டைக்கே கழட்டியிருக்கவேணும்" என்றார். "ஆமிக்காரன் எங்கட பலகையை வாசிப்பான் எண்டு யோசிக்கேல்லை. அது என்ர பங்கு."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்ப உமக்கு இருபத்தொரு வயது."

"ஊர் முழுக்க உங்களைக் காட்டிக்கொடுத்தவர் எண்டுதானே..."

"ஆரையாவது சொல்லத்தானே வேணும். சொல்லட்டும்." மூச்சு வாங்கியது. "என்னைப் புனிதராக்கிப் போடாதேயும். உம்மை அனுப்பினது பயத்தில. கோபமும்தான். கயிறு எனக்குப் பக்கத்திலதானே இருந்தது. நானும் தொடேல்லை. பிறகு பயந்திட்டன்."

றூபினி தேநீரை வைத்துவிட்டுப் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று எழும்பியபோது சொன்னார்:

"ஞாயிறு காலமை சுஜீத் மணியை அஞ்சு நிமிஷம் பிந்தித்தான் அடிச்சவன். நான் ஏசேல்லை."

தாளை நீர் கொண்டுபோம், என்ன செய்வதென்று நீரே யோசியும் என்றார். கொண்டுவந்துவிட்டேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

செப்டெம்பர் 24, புதன்

வேலைக்குப் போகவில்லை.

செப்டெம்பர் 25, வியாழன்

அவர் ஆர் எனக்காக முடிவெடுக்க? ஆர் கேட்டது? இருபத்தொரு வயசாம். இருபத்தொரு வயசிலை ஆமியின்ர ட்ரக்கைத் திருப்பி அனுப்பினவன் நான். ஒரு தாளைத் தாங்கமாட்டேனா? முப்பது வயதில் சொல்லியிருக்கலாம். நாற்பதில் சொல்லியிருக்கலாம். என்னை ஒரு நியாயமான கோபத்தோடு வாழ விட்டார். என் கோபம் நியாயமானது என்று நினைத்துத்தானே இவ்வளவு காலமும் இதைத் தின்று வாழ்ந்தேன். றஜீவின் கையால் ஒருநாளும் நற்கருணை வாங்கவில்லை. பிறின்சியின் உறுதிபூசுதலுக்கு அவன் வருகிறான் என்று நான் கடைசி வாங்கில் இருந்தேன்.

பெட்டிக்குள் பழைய அகதி விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். 1999. குரோய்டனில் குடிவரவுக் கந்தோரின் அந்த உயரக் கட்டடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவே இருந்து எழுதியது. ஏழாம் பந்தி: அதிபர் எங்கள் பெயர்களை இராணுவத்துக்குக் கொடுத்தார். கீழே என் கையெழுத்து. அப்போதும் நான் காணவில்லை. அப்போதும் எனக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தாள் இருப்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவர் இந்த மாதம் தாண்டமாட்டார். அறிக்கை தயாராக இருக்கிறது, திகதியை மட்டும் வியாழன் என்று மாற்றவேண்டும்.



செப்டெம்பர் 27, சனி

பியற்றிஸிடம் தாளைக் காட்டினேன். பார்த்தாள். என் தலையில் கையை வைத்தாள், பிறகு போய் உடுப்புக் காயப்போட்டாள். இரவுச் சாப்பாட்டின்போது, குரோய்டனுக்கு நாளைக்கு ரயில் ஓடுமோ, ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை திருத்துவார்களே என்றாள்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

ரயில் ஓடியது. பிறகு டிராம். அந்த உயரக் கட்டடத்தைக் கடந்து போகும்போது மற்றப் பக்கம் பார்த்தேன்.

கத்தரின் அறிக்கை எங்கே என்றாள். கிழித்துவிட்டேன் என்றேன். மேசையில் தாளை விரித்துவைத்து, இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டினது நான். எழுதினது நான். அதிபர் பெயர் கொடுக்கவில்லை. உங்கள் அண்ணாவை அந்த வரியில் நிற்க வைத்தவன் நான். சொல்லி முடிக்கப் பத்து நிமிடமும் எடுக்கவில்லை.

அவள் தாளுக்கு மேல் குனிந்தாள். வெட்டியிருந்த இடத்தில் விரலை வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். விரல் அதைத் தாண்டி நகர்ந்து பக்கத்தில் போய் நின்றது.

"இது அண்ணான்ர எழுத்தோ?"

"ஓம்."

"அவன்தான் எழுதினவனோ? தன்ர கையால?"

"எனக்கு முன்னால நிண்டு எழுதினவன்."

அவன் பெயரின் மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

"இதை நான் வைச்சிருக்கிறன்."

"வைச்சிருங்கோ."

"பரவாயில்லை எண்டு உங்களுக்குச் சொல்ல எனக்கு ஏலாது, ஜெராட் அண்ணை."

கேட்கவில்லை என்றேன். அது உண்மையல்ல. கேட்கத்தான் போயிருந்தேன்.

"போங்கோ இப்ப."

டிராமில் தவறான பக்கம் ஏறி மூன்று தரிப்பிடம் போனபிறகுதான் கண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒரு செய்தியும் இல்லை. தொலைபேசி பழுதோ என்று பிறின்சியை எடுக்கச் சொன்னேன். பழுதில்லை.

அக்டோபர் 18, சனி

அதிபர் போன சனி காலமானார். இன்று அடக்கப் பூசை. நடுவில் ஒருதரம் போய்ப் பார்த்தேன். கத்தரினிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னபோது தலையை அசைத்தார். அந்த முறை கை முத்தி செய்தேன். அவரை மன்னித்தேனா? தெரியாது. எனக்குச் சொல்லாமல் விட்டதற்கு இன்னும் கோபம் இருக்கிறது.

கத்தரின் வந்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். எதையும் வாசிக்கவில்லை. எனக்குத் தலையசைத்தாள், அல்லது எனக்குப் பின்னால் நின்றவருக்கு.

கல்லறையில் றஜீவிடம் சொன்னேன், இவ்வளவு காலமும் நீதான் என்று நினைத்திருந்தேன் என்று.

"தெரியும் மச்சான். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருநாளும் என்ர வரிசையில நிக்கமாட்டாய். மற்றப் பக்கம் காது கேக்காத ஃபாதரிட்டத்தான் போவாய்."

சிரிப்பு வந்தது, அந்த இடத்தில்.

அக்டோபர் 26, ஞாயிறு

மலருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். என்னைப் பற்றிய அந்த மூன்றரைப் பக்கம் இதில் இல்லை. முதல் வரி: மணிப் பொறுப்பில் சுஜீத்தின் பெயரை எழுதியவன் நான். உன் பெயரைப் போடாமல் விடலாமே, ஊரார் பார்ப்பார்கள் என்றான் றஜீவ். முழுப் பெயரையும் போடு, வாசிக்கக்கூடிய மாதிரிப் போடு என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மரித்த ஆத்துமாக்களின் நாள். பின்னேரம் நாலு மணிக்குக் கத்தரின் தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

"பக்கத்துக் கட்டிலில மூண்டு வருஷம் படுத்தனீங்கள். அந்த மூண்டு வருஷத்தில அவனைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஞாயிறில எடுப்பன். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

இன்றைய கேள்வி, அவன் வீட்டை நினைத்து அழுகிறவனா என்று. முதல் வருடம் என்றேன். நன்றி என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்றரையிலிருந்து குசினி மேசையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு இருந்தேன். பியற்றிஸ் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாலு மணிக்கு அடித்தது.

"அந்தத் தாளில பொறுப்பு ஏற்றுக்கொண்டேன் எண்டு எழுதியிருக்கிறான். வீட்டில அவனை எழுப்ப அம்மா தண்ணி தெளிக்கிறவ. அடுத்த நாள் நேரத்துக்கு எழும்பி அடிச்சவனோ?"

"இல்லை" என்றேன். "மடத்தில தினமும் நான்தான் அவனை எழுப்பிறனான். அண்டைக்கு அஞ்சு நிமிஷம் பிந்தித்தான் அடிச்சவன். அதிபர் சொன்னவர். ஏசவும் இல்லையாம்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், திரும்பவும் சிரித்தாள்.

"ஆர் எழுப்பிவிட்டிருப்பினம்? நீங்களும் இல்லையே."

தெரியாது என்றேன். அது உண்மை.

"தானா எழும்பியிருக்கிறான்" என்றாள்.